நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிக்கு செல்ஃப் மோட்டார் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஆறு சக்கர, எட்டு சக்கர ஆம்ஃபிபியஸ் வண்டிகள் அதிகம் கிடையாது. இருக்கிறவை ஆறு கடலில் சேரும் பொழியின் கரைத் தென்னந்தோப்பிலும், மீன் குளத்தங்கரையிலும், ரிசார்ட்டிலும் நிற்கின்றன. செல்ஃப் எடுக்காமல் போனால் கார் பட்டறையில் வாங்க மாட்டார்கள். வள்ளத்து எஞ்சின் பார்ப்பவரும் தயங்குவார். இரண்டு வேலையும் பார்க்கிற எங்களிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

பேச்சு எந்த வண்டியைப் பற்றி என்றால், கனடாவில் 1967 முதல் செய்கிற ஆர்கோ போன்றவை. பிளாஸ்டிக் தொட்டி மாதிரி உடல், அதற்குள்ளேயே எஞ்சின், கியர்பாக்ஸ், செயின் எல்லாம். காற்று குறைவாக அடித்த பெரிய டயர்கள்தான் தரையிலும் ஓட்டும், தண்ணீரிலும் துழாவித் தள்ளும்.

மற்ற வண்டிகளில் வருஷக்கணக்கில் வருகிற செல்ஃப் மோட்டார் இதில் மட்டும் ஏன் சீக்கிரம் போகிறது?

மோட்டாரில் குறை இல்லை. இந்த வண்டிகளில் பெரும்பாலும் கோலர் அல்லது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் பெட்ரோல் எஞ்சின்தான் இருக்கும். அதே எஞ்சின் ஜெனரேட்டரிலும் புல்வெட்டும் வண்டியிலும் அதே செல்ஃப் மோட்டாரோடு நன்றாக ஓடுகிறது. வித்தியாசம் அது உட்கார்ந்திருக்கும் இடத்தில். காரில் மோட்டார் மேல் விழும் தண்ணீர் ரோட்டில் சொட்டிப் போய்விடும். இதில் கீழே தொட்டி இருக்கிறது. உள்ளே வந்த தண்ணீர் உள்ளேயே கிடந்து, வெயிலில் ஆவியாகி, ராத்திரி மோட்டார் கூட்டுக்குள் மறுபடி துளியாகப் படியும். சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் துண்டின் கூடு துருப்பிடித்து, கார்பன் அதில் இறுகும். எஞ்சினின் பல்லில் போய் மாட்டி அதைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமான பெண்டிக்ஸ் ஏறி இறங்குகிற திருகுத்தண்டில் துரு ஏறும். கடைசியில் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத் துண்டே கழன்று, நடுவில் சுழலும் ஆர்மேச்சரில் உரசும்.

நம்ம கரையோரத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு: கருமணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், ரூட்டைல், மோனசைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற சரக்கு. அந்த மணல் சக்கரத்தோடு உள்ளே வந்து பெண்டிக்ஸ் கிரீஸில் ஒட்டினால், ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் பல்லையும், தண்டைத் தாங்கும் புஷ்ஷையும் அது அராவிக்கொண்டே இருக்கும். முட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மோட்டாரைப் பிரித்தபோது, புஷ்ஷுக்குள் கிரீஸ் கறுத்த பசையாக இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. தண்டு ஒரு பக்கம் தேய்ந்து ஆர்மேச்சர் சாய்ந்து காந்தத்தில் கீறியிருந்தது.

"டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் மோட்டார் போய்விட்டதா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யாதீர்கள். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், பிறகு பேசலாம். அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டர் முனைகளை பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைத்துப் பாருங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஒன்று பேட்டரி வீக், இல்லையென்றால் மோட்டாரோ எஞ்சினோ இறுகி அளவுக்கு மீறி கரன்ட் இழுக்கிறது. சத்தம் வந்தும் வோல்ட் இறங்கவே இல்லையென்றால் மோட்டாருக்குக் கரன்ட் போய்ச் சேரவில்லை, அல்லது கார்பன், ஆர்மேச்சர் முனையில் அது உரச வேண்டிய செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடவில்லை.

இப்போது மீட்டரை மோட்டாரின் தடித்த கேபிள் முனையிலும் மோட்டார் உடம்பிலும் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் அசையவில்லை, எஞ்சினும் கையால் சுற்றினால் சுற்றுகிறது என்றால் மோட்டார்தான் குற்றவாளி. வோல்ட் வரவில்லையென்றால் கேபிள், சொலினாய்டு (சாவி திருப்பினால் மோட்டாருக்குக் கரன்ட் விடும் மின்காந்த சுவிட்ச்), எர்த் என்று வரிசையாகத் தேடுங்கள்.

எர்த்தைத் தனியாகப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழில், மற்றது மோட்டார் உடம்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு. பாசிட்டிவ் பக்கம், பேட்டரியிலிருந்து மோட்டார் முனை வரை, 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த வண்டியின் உடல் பிளாஸ்டிக் என்பதை மறக்க வேண்டாம். காரில் பாடி முழுக்க எர்த். இதில் எர்த் கேபிள் ஒன்றுதான் கதி. அதன் முனையில் இருக்கும் லக்குக்குள் பச்சை பூத்தால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், கரன்ட் போகாது. உறையை அரை அங்குலம் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருப்பது தெரியும். செல்ஃப் போச்சு என்று எங்களிடம் வருகிற வண்டிகளில் கேபிள் மாற்றியதோடு வீட்டுக்குப் போனவை நிறைய.

சத்தமே வரவில்லை என்றால்?

பியூஸ், சாவி சுவிட்ச், ரிலே. பல மாடல்களில் கியர் நியூட்ரலில் இல்லையென்றால் செல்ஃப் எடுக்காதபடி ஒரு சுவிட்ச் உண்டு. அதில் சேறு ஏறினாலும் இதே கதைதான். மோட்டார் பக்கம் போகவே தேவையில்லை.

அண்ணே, குளத்தில் வண்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இழுத்துக் கரையேற்றியாச்சு. செல்ஃப் லேசாக முக்கி நின்றுவிடுகிறது. ஜம்ப் கேபிள் போட்டு அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள்.

ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நிற்கிறது. அதைத்தான் மோட்டார் முக்குகிறது என்று நினைக்கிறீர்கள். பெரிய பேட்டரியைக் கட்டி அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். செல்ஃப் செலவோடு போக வேண்டியது எஞ்சின் செலவாக முடியும்.

இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் வயர்களை பிளக் துளையிலிருந்து தள்ளி எர்த்தில் பிடித்து வையுங்கள். துளையிலிருந்து பெட்ரோலும் சேர்ந்து தெறிக்கும், தீப்பொறி கூடாது. எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் டீ நிறத்தில் குழம்பியிருந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஓட்டிய கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை மாற்றுவது நல்லது. இதெல்லாம் முடிந்து பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்தால் எஞ்சின் சும்மா சுழலும். அப்போதும் மோட்டார் திணறினால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீரில் இறங்காத வண்டியிலும் இது நடக்கும். கார்புரேட்டரில் மிதவை ஊசி அடைக்காமல் பெட்ரோல் சிலிண்டரில் இறங்கி நின்றாலும் இதே அறிகுறிதான். அப்போது டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடிக்கும்.

புது மோட்டார், புது பேட்டரி. ஆனாலும் பாதி சுற்றில் முட்டி நிற்கிறது. ஏன்?

வால்வைப் பாருங்கள். இந்தச் சின்ன எஞ்சின்களில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஒரு வால்வை லேசாகத் திறந்து அமுக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு கேம் ஷாஃப்டில் இருக்கிறது. வால்வு இடைவெளி அதிகமாகிவிட்டால் அந்தச் சின்ன தூக்கல் வால்வை எட்டாது. முழு அமுக்கத்தையும் மோட்டாரே தள்ள வேண்டி வரும். மேனுவலில் சொன்ன இடைவெளிக்கு வைத்தால் பழைய மோட்டாரே சுற்றும். நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கழற்றுவதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

பெட்ரோல் ஆவி. இதை மட்டும் யாரும் லேசாக எடுக்க வேண்டாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சாதாரண வண்டியில் அது கீழே இறங்கிக் கலைந்துவிடும். இதில் தொட்டியின் அடியில் போய்த் தங்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றும்போது வரும் ஒரு பொறி போதும். படகில் மூடிய எஞ்சின் அறைக்கென்று வரும் செல்ஃப் மோட்டார்கள் உள்ளே எழும் பொறி வெளியே போகாதபடி செய்யப்பட்டவை. இந்த வண்டிகளில் அப்படி வருவது அபூர்வம். ஆகவே முதலில் மேல்மூடி, சீட், தரைப்பலகை எல்லாவற்றையும் திறங்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கும் டிரெயின் பிளக்குகளைக் கழற்றுங்கள். கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், மூக்கை வைத்துப் பாருங்கள். வாடை போன பிறகு நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட், கிரைண்டர் எதுவும் கூடாது.

சரி, கழற்றுவது எப்படி?

பயந்த அளவுக்கு வேலை இல்லை. சமதரையில் நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வழியில் இருக்கிற தகடுகளைக் கழற்றுவதற்கு முன் போனில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எங்கே என்று பிறகு மண்டையைச் சொறிய வேண்டியிருக்காது.

மோட்டார் எஞ்சினின் பக்கவாட்டில், ஃபிளைவீலுக்கு (எஞ்சினோடு சுற்றும், பல் ரிங் உள்ள கனச் சக்கரம்) அருகில் தாழ்வாக இருக்கும். முதலில் தடித்த கேபிளின் நட். இங்கேதான் நிறையப் பேர் புது மோட்டாரையும் கெடுக்கிறார்கள். அந்த முனையில் பெரும்பாலும் இரண்டு நட் இருக்கும்: மேலே கேபிளைப் பிடிப்பது, கீழே போல்ட்டைக் கூட்டோடு பிடிப்பது. மேல் நட் துருப்பிடித்திருக்கும்போது ஒரே ஸ்பானரால் திருகினால் செம்பு போல்ட்டே கூடச் சுற்றி, உள்ளே கார்பனுக்குப் போகும் வயரை முறுக்கி அறுத்துவிடும். கீழ் நட்டை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மட்டும் கழற்றுங்கள். மாட்டும்போதும் இதே மாதிரிதான்.

பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெரும்பாலும் இரண்டு. கடைசி போல்ட்டைக் கழற்றும்போது அடியில் கை கொடுங்கள். ஸ்பேசர், வாஷர் எது எங்கே இருந்தது என்று பார்த்து வையுங்கள்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது.

அலுமினிய பிளாக்கில் இரும்பு போல்ட், நடுவே உப்புக்காற்று. பிடிக்கத்தான் செய்யும். துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் போல்ட் தலையில் லேசாகத் தட்டி, கொஞ்சம் இறுக்கும் பக்கம், கொஞ்சம் கழற்றும் பக்கம் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். வெல்டிங் பட்டறையில் செய்கிற மாதிரி கேஸ் விளக்கால் சூடு காட்டும் யோசனை இங்கே கூடாது: பக்கத்தில் பெட்ரோல் குழாய், கீழே பிளாஸ்டிக் தொட்டி. அறுந்தால் துளையிட்டுப் புது மரை போட லேத் பட்டறையில் செய்துகொடுப்பார்கள், ஆனால் அதற்கு எஞ்சினை இறக்க வேண்டி வரும். பொறுமைதான் மலிவு.

புதிது வாங்கவா, சரி செய்யவா?

பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. கார்பன் தேய்ந்தது, புஷ் போனது, பெண்டிக்ஸ் பல் மழுங்கியது என்றால் சரி செய்யலாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்டோ எலெக்ட்ரிக் பட்டறைகளில் இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. கம்யூட்டேட்டரை லேத்தில் சீவினால் செம்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்காவையும் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுக் கார்பன் துள்ளும்.

காந்தம் கழன்றிருந்தாலோ, கூடு உள்ளே செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தாலோ செலவழிக்க வேண்டாம். பசை போட்டு ஒட்டிய காந்தம் சூட்டிலும் அதிர்விலும் மறுபடி விழும், அன்றைக்கு நீங்கள் குளத்து நடுவில் இருப்பீர்கள். இன்னொன்று: இறுகிய மோட்டாரைச் சுத்தியலால் தட்டி ஓட வைக்கும் பழைய வழக்கம் இந்த வகை மோட்டாருக்கு ஆகாது. உள்ளே இருப்பது பீங்கான் போல உடையும் ஃபெர்ரைட் காந்தம்.

ஆன்லைனில் பாதி விலைக்கு அதே மாதிரி மோட்டார் கிடைக்கிறது. வாங்கலாமா?

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் ஸ்பெக் எண்ணையும் வைத்து வாங்குங்கள். வண்டியின் பெயரை வைத்துத் தேடினால் தவறான பொருள் வரும். கோலரில் ஒரே குடும்ப எஞ்சினுக்கே இரண்டு வகை உண்டு. ஒன்றில் மோட்டார் சுழலும் வேகத்தில் பெண்டிக்ஸ் தானாக எகிறிப் பல்லில் மாட்டும். மற்றதில் மோட்டார் மேலேயே சொலினாய்டு உட்கார்ந்து தள்ளிவிடும். ஒன்றுக்குப் பதில் மற்றதை அப்படியே மாட்ட முடியாது, வயரிங்கும் மாறும்.

பொருள் வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பல் எண்ணிக்கை, சுழலும் திசை, போல்ட் துளைகளின் இடைவெளி, தண்டின் நீளம். ஒரு பல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளைவீல் ரிங்கைத் தின்றுவிடும்.

மாட்டும்போது?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து ஃபிளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, ரிங் பல் முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் எப்போதும் ஓரிரு இடங்களில்தான் வந்து நிற்கும், அங்கேதான் பல் தேயும். "சில சமயம் எடுக்கிறது, சில சமயம் கறகறக்கிறது" என்பதற்கு அதுதான் காரணம்.

மோட்டார் எஞ்சினோடு சேரும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்குங்கள். மோட்டாருக்கு எர்த் அந்த முகம் வழியாகத்தான். துருவுக்குப் பயந்து மோட்டார் முழுக்கப் பெயின்ட் அடிப்பவர்கள் அந்த முகத்தையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள், புது மோட்டார் முதல் நாளே இழுக்காது. வெளிக்கூட்டுக்கு அடியுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள்.

போல்ட்டுகளைக் கையால் மரையேற்றி, பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அலுமினிய மரைக்கு இம்பாக்ட் கன் எமன். கேபிள் நட்டை இறுக்கிய பிறகுதான் மேலே வாசலின் தடவ வேண்டும். பேட்டரியில் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

பெண்டிக்ஸுக்கு நிறைய கிரீஸ் வைத்தால் துரு பிடிக்காதே?

மணல் பிடிக்கும். கம்பெனி சொல்கிற உலர்ந்த வகை லூப்ரிகன்ட் மெல்லிசாகப் போதும்.

ஒரு தடவை எவ்வளவு நேரம் செல்ஃப் அடிக்கலாம்?

கோலர் சொல்வது 10 வினாடிக்கு மேல் கூடாது. எடுக்கவில்லையென்றால் 60 வினாடி ஆறவிட வேண்டும். வாடகைக்கு விடும் வண்டியில் இதை எழுதி டாஷில் ஒட்டுங்கள்.

மாற்றி ஆறு மாசத்தில் மறுபடி போய்விட்டது. மோட்டார் போலியா?

இருக்கலாம். ஆனால் முதலில் தொட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் மோட்டார் மாற்றுவது பாதி வேலைதான்.

நம்ம ஊரில் முதல் காரணம் குளமும் பொழியும் இல்லை, மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. இரண்டும் நமக்கு உண்டு. தோப்பில் திறந்தவெளியில், டிரெயின் பிளக் மாட்டியபடி நிற்கும் வண்டி மழைத்தண்ணீரை அப்படியே பிடித்து வைக்கும். மேலே தார்ப்பாய் கட்டியிருந்தாலும் ஓரத்தில் வழிந்து இறங்கும். நிறுத்தும்போது பிளக்குகளைக் கழற்றி, தண்ணீர் பிளக் பக்கம் வடிகிற மாதிரி லேசான சரிவில் நிறுத்துங்கள். கழற்றிய பிளக்கைச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்தால், அதை மாட்டாமல் யாரும் வண்டியைத் தண்ணீரில் இறக்க முடியாது.

அடுத்தது அச்சுகளில் இருக்கும் சீல். ஆறு சக்கரத்துக்கு ஆறு துளை, எட்டுக்கு எட்டு. எல்லாம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஆகாயத்தாமரைத் தண்டும் தூண்டில் நரம்பும் அச்சில் சுற்றி சீலை அறுக்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள மாடல் என்றால் தண்ணீரில் ஓட்டிய பிறகு கிரீஸ் ஏற்றுங்கள், உள்ளே போன தண்ணீரைப் புதுக் கிரீஸ் வெளியே தள்ளும். எந்த சீல் ஒழுகுகிறது என்று பார்க்க ஒரு வழி: தொட்டியைக் காயவைத்து, ஒவ்வொரு அச்சின் கீழும் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டு ஆழம் இல்லாத குளத்தோரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். நனைந்த தாள் பதில் சொல்லும். பாறையில் உரசிய வண்டியென்றால் அடிப்பக்கம் கீறல், விரிசல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

தண்ணீர் இறைக்கும் பம்ப் வைத்திருந்தால் அது ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

மணக்குடிப் பக்கம் பொழியில் ஓட்டிய பிறகு வாட்டர் சர்வீஸ் விடலாமா?

நல்ல தண்ணீரால் கழுவத்தான் வேண்டும், அன்றைக்கே. வெளிப்பக்கத்துக்குப் பிரஷர் பம்ப் பரவாயில்லை. உள்ளே, மோட்டார் மேலும் வயரிங் மேலும் அடித்தால் உப்பை உள்ளே ஏற்றிவிடுவீர்கள். சாதாரண ஹோஸ் பைப்பால் மெதுவாக ஊற்றி, பிளக் திறந்து வடியவிட்டு, மூடியைத் திறந்தபடி வெயிலில் காயவையுங்கள்.

வேலை முடிந்து தண்ணீரில் சோதித்துப் பார்க்க எங்கே இறக்கலாம்?

உங்கள் சொந்தக் குளம், அல்லது அனுமதி வாங்கிய அசைவற்ற தண்ணீர். கடலில் வேண்டாம், தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் கட்டாயம் வேண்டாம். தண்ணீரில் மணிக்கு நாலு கிலோமீட்டர் போகிற வண்டி அது, அலையும் நீரோட்டமும் அதன் சொல் கேட்காது. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் பறவைகளுக்கானவை, 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த இடம். அங்கே இறக்க நினைக்கவே வேண்டாம். குளத்துக்குக் கொண்டுபோவதும் வண்டியை ரோட்டில் ஓட்டி அல்ல, டெம்போவில் ஏற்றித்தான். எட்டு சக்கர வண்டியென்றால் குட்டியானை தாங்குமா என்று எடையைப் பார்த்து ஏற்றுங்கள்.

இறக்குவதற்கு முன் கரையிலேயே நிறுத்தி நிறுத்திச் சில தடவை செல்ஃப் எடுத்துப் பாருங்கள், எஞ்சின் சூடான பிறகும் ஒருமுறை. லைஃப் ஜாக்கெட், துடுப்பு, ஒரு நீளக் கயிறு வண்டியில் இருக்கட்டும். கயிற்றின் மறுமுனை கரையில் நிற்பவர் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய மோட்டாரை என்ன செய்வது?

பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெண்டிக்ஸ் நன்றாக இருந்தால் துடைத்து எடுத்து வையுங்கள். கார்பன் கூடு, பின்மூடி, நீளத் திருகுகள் எல்லாம் தனியாகக் கடையில் கிடைப்பது கஷ்டம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி, மேலே எஞ்சின் மாடல் எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள்.